பெட்டிக் கணக்கு

கொழும்பில் யாருக்குக் கம்பளிப் போர்வை?
புறக்கோட்டைக் கடைக்காரன் கேட்டே விட்டான்.
தாரில் செருப்பு ஒட்டுகிற மே மாதம்.
மூன்றாம் மாடியில் குளிர்காலம் என்றேன்.
விளங்காமலே
துருச்சிவப்பில் நாலு உருண்டை நிறுத்துத் தந்தான்.

மூன்றாம் மாடியில் பதினொரு கதிரை,
பதினொரு மெஷின்.
கிழமைக்கு இரண்டு நாள், நாலு மணித்தியாலம்,
பற்குணத்தின் இரத்தம் வெளியே போய்க்
கழுவுப்பட்டு வீடு திரும்பும்.
ஏசிக் காற்றில் அவர் பல் தந்தியடிக்கும்.
ஆஸ்பத்திரிப் போர்வை
முழங்காலோடு முடிந்துவிடும்.

முதல் நாள் வெறும் சங்கிலி.
கொக்கி ஊசி நுழைந்து, நூலைப் பிடித்து, இழுத்து,
நூற்று நாற்பது கண்ணி.
எண்ணியது நானில்லை, அவர்.
இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் டாலி கிளாக்;
நாலு கோடு, குறுக்கே ஒரு வெட்டு,
கப்பல் கப்பலாக எண்ணி இறக்கியவர்.
நூற்று முப்பத்தெட்டில் எனக்குக் கை வலித்தது.
"இன்னும் ரெண்டு நிக்குது" என்றார்.

என்ன போடட்டும், பூவா நட்சத்திரமா?
"யார்ட்டைப் போடு."
பதினாலு கண்ணி அகலம், ஆறு வரி உயரம்,
அது ஒரு கொண்டெய்னர்.
பக்கத்துக்குப் பக்கம் பத்து.
அதன் தலையில் இன்னொரு பத்து.
கடல்நீலம், துருச்சிவப்பு,
உப்புக்காற்றில் வெளுத்த செம்மஞ்சள்.
எந்த நிறத்துக்கு மேல் எது ஏறலாம் என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.
நிறம் மாறும் இடமெல்லாம் நூல் வால் தொங்கும்.
திருப்பிப் பார்த்தால்
மழையில் நனைந்த ஏதோ மிருகம்.

இரண்டாம் அடுக்கில் பச்சை முடிந்தது.
கெய்சர் வீதி முழுக்க அலைந்தேன்,
அதே பச்சை இல்லை;
கிடைத்தது கொஞ்சம் நோய் கண்ட பச்சை.
"வேற கொம்பனி" என்று ஏற்றுக்கொண்டார்.
ஏழாம் கதிரையின் மனைவி குசுமலதா
மகளின் பழைய தொப்பியைப் பிரித்து
ஒரு பிடி மஞ்சள் கொண்டுவந்தா.
என் சிங்களம் சந்தைச் சிங்களம்.
விரலால் காட்டினேன்: ஒரு பெட்டிக்குக் காணும்.
அவ சிரித்து, இரண்டு விரல் காட்டினா.

ஆனியில் காய்ச்சல்.
இரண்டாம் மாடியில் பதின்மூன்று நாள் வைத்திருந்தார்கள்.
பார்க்க விட்டது பின்னேரம் அரை மணித்தியாலம்.
கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லாத இரவுகள்.
போன் வெளிச்சத்தில் ஐந்தாம் அடுக்கைப் பின்னினேன்.
எண்ண ஆளில்லை.
எண்ணினேன் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தவர்
போர்வையில் கை வைத்துத் தடவிக்கொண்டே போனார்,
ஓரத்தில் நின்றார்.
"ஒன்பது."
இருட்டில் ஒரு பெட்டிக்கு முன்னமே
திரும்பியிருக்கிறேன்.
கரையில் ஒரு கொண்டெய்னர் அளவு வெறுமை.

அவிழ்க்கிறேன் என்று நூலை இழுத்தேன்.
என் கையைப் பிடித்தார்.
கையில் பலம் இல்லை, ஆனால் பிடித்தார்.
"வராத பெட்டியை வந்தது எண்டு எழுதப்படாது.
ஷோர்ட் லேண்டட் எண்டு போட்டு
அடுத்த அடுக்குக்குப் போ."

போனேன்.
காற்றில் பதினாலு சங்கிலி கட்டி,
பள்ளத்தைத் தாண்டி,
மீண்டும் பத்து.

எட்டாம் அடுக்கோடு கழுத்தைத் தொட்டது.
அன்றைக்கு மிஸ் அவர் கையில் ஊசி ஏற்றி,
போர்வையை இழுத்து மூடப் போனவ
நடுவில் நின்றா.
வழமையில் அந்தக் கை வெளியே இருக்க வேணும்,
குழாய் தெரிய வேணும்,
அதனால் அரை உடம்பு குளிரில் கிடக்கும்.
வராத பெட்டியின் இடத்தால்
கை தானாக வெளியே வந்தது.
மேலேயும் கீழேயும் போர்வை.
மிஸ் என்னைப் பார்த்தா. "அளந்து விட்டீங்களோ?"
இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன்;
பற்குணம் இருமினார்.

கரை இன்னும் கட்டவில்லை.
நூற்றுச் சொச்சம் வால் உள்ளே ஒளிக்கக் கிடக்கிறது.
அதற்குள் குசுமலதா வந்து நிற்கிறா,
புருஷனின் கையைத் தொட்டுக் காட்டி:
அவருக்கு இடது பக்கம்.

நாளைக்குப் புறக்கோட்டை.
கடைக்காரன் என்னவும் கேட்கட்டும்.
பற்குணம் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார்,
நீலம் மூன்று, சிவப்பு ஐந்து,
ஐந்திலேயே நித்திரை.
விரல் மட்டும் கம்பளிக்கு மேல்
நாலு கோடு இழுத்தது.
வெட்டுக்காகக் காத்திருந்தேன்.